சர்ஸ் எண் சொதப்பினால்: மெஷினைத் திட்டுவதற்கு முன்

"அக்கா, மெஷின் போச்சு." இதை நான் கேட்காத வாரம் இல்லை. போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். கொலாய்டு (வெள்ளித் துகள் மிதக்கும் திரவம்) கெட்டிருக்கும், இல்லை உப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள், இல்லை கையுறை. (கையுறைக் கதை கீழே வருகிறது.) தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் ராமன் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகள் கொண்டுவருவது வயல் வடிகால் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், மீன் குட்டைத் தண்ணீர். அதில் தேடுவது விதை நேர்த்திக்குப் போடும் தைராம், மீனுக்குப் பூஞ்சை வராமல் இருக்கப் போடும் மாலகைட் பச்சை மாதிரிச் சமாசாரங்கள். அந்தப் பொருளை வெள்ளித் துகள் மேல் ஒட்டவைத்து, லேசர் அடித்து, சிதறிவரும் ஒளியைப் பார்ப்பதுதான் சர்ஸ். இருக்கிறதா இல்லையா என்று அது சட்டென்று சொல்லிவிடும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டவுடன்தான் தொல்லை ஆரம்பம். ராமன் பிறந்தது இதோ திருவானைக்காவலில்தான், அதற்காக அவர் விளைவு நம் ஊருக்குச் சலுகை எதுவும் காட்டுவதில்லை.

கீழே இருப்பது கோளாறு வாரியாக. உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள், காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி இறங்கி வாருங்கள்.

## எதைத் தொடுவதற்கும் முன்: சிலிக்கான் துண்டு

தினமும் காலையில் லேசரைப் போட்டு அரைமணி நேரம் சூடாக விடுங்கள். அப்புறம் சிலிக்கான் துண்டை வைத்து ஒரே பவர், ஒரே நொடிக் கணக்கில் ஒரு ஸ்பெக்ட்ரம் (சிதறிய ஒளியின் வரைபடம்). பீக் (அதில் கூர்மையாக எழும் முனை) 520.7 செ.மீ⁻¹-இல் இருக்க வேண்டும். இடத்தையும் உயரத்தையும் நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், கருவிக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கும் நோட்டில்.

இடமும் சரி, உயரமும் நேற்று மாதிரியே: மெஷின் நிரபராதி. கோளாறு உங்கள் குப்பியில் இருக்கிறது, கீழே படியுங்கள்.

இடம் நகர்ந்திருக்கிறது: "பீக் இடம் மாறுகிறது" தலைப்புக்குப் போங்கள்.

உயரம் விழுந்திருக்கிறது: ஃபோகஸை மறுபடி பாருங்கள், அப்ஜெக்டிவ் லென்ஸில் காய்ந்த கொலாய்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள் (நிறைய நாள் இதுதான்), லேசரைக் குறைக்கும் ஃபில்டர் யாரோ 1 சதவீதத்தில் விட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் கடைசித் தலைப்பு.

## பீக்கே வரவில்லை

உப்பு போட்டீர்களா? சிரிக்காதீர்கள். தனித்தனியாக மிதக்கும் வெள்ளித் துகள் பெரிதாக எதுவும் தராது, துகள்கள் ஒன்றோடொன்று நெருங்க வேண்டும். அதற்குத்தான் சோடியம் குளோரைடோ பொட்டாசியம் நைட்ரேட்டோ மெக்னீசியம் சல்பேட்டோ சேர்க்கிறோம். நிறம் மாறவே இல்லையென்றால் துகள்கள் சேரவில்லை. சாம்பல் நிறமாகிக் கறுப்புப் பொடி அடியில் இறங்கிவிட்டதென்றால் மிஞ்சிப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதை உப்பின் அளவை ஐந்தாறு படியாக மாற்றிப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கட்டுரையில் போட்டிருக்கும் அளவு அவர்கள் கொலாய்டுக்கு.

லேசரும் உலோகமும் பொருந்துகிறதா? வெள்ளிக்கு 532, 633, 785 நானோமீட்டர் எதுவும் ஓடும். தங்கத்தை வைத்துக்கொண்டு 532-இல் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உட்கார வேண்டியதுதான். தங்கத்துக்கு 633 அல்லது 785.

கொலாய்டு உயிரோடு இருக்கிறதா? பத்து மடங்கு நீர்த்து யூவி-விசிபிளில் (எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) போடுங்கள். வெள்ளிக்கு 400 முதல் 420-க்குள் ஒரே மேடு, வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகாத மேடு வர வேண்டும். 500 தாண்டி வால் நீண்டிருந்தால், குப்பிச் சுவரில் கண்ணாடி மாதிரிப் பூச்சு பிடித்திருந்தால், கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். காப்பாற்றலாம் என்று ஆட்டிப் பார்த்தும், அல்ட்ராசோனிக்கில் வைத்துப் பார்த்தும் பொழுது போனதுதான் மிச்சம்.

தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கொலாய்டு செய்ய லீ, மைசல் என்ற இருவர் 1982-இல் தந்த முறைதான் எங்கள் லேபிலும்: 500 மில்லி தண்ணீரில் 90 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட், கொதி வந்ததும் 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் 10 மில்லி, ஒரு மணி நேரம் கொதி. எளிய சமையல்தான், ஆனால் தண்ணீர் சரியில்லையென்றால் எல்லாம் போச்சு. 18.2 மெகாஓம், அதாவது மிகத் தூய நீர் வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் கேனில் மாணவர் யாராவது அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரைக் கலந்திருக்கலாம். ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை, அரை நிமிடம்.

பொருள் ஒட்டவே ஒட்டாததாக இருந்தால்? சிட்ரேட் கொலாய்டின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டது. மாலகைட் பச்சை நேர்மின், ஓடிவந்து ஒட்டும். தைராமில் கந்தகம் இருப்பதால் அதுவும் பிடித்துக்கொள்ளும். 2,4-டி மாதிரிக் களைக்கொல்லி தானும் எதிர்மின் ஏற்றத்தோடு நின்றால் கிட்டவே வராது. பிஎச்சை மாற்றிப் பாருங்கள், நேர்மின் ஏற்றக் கொலாய்டு செய்து பாருங்கள், அதற்கும் மசியவில்லையென்றால் அந்தப் பொருளுக்கு சர்ஸ் சரியான வழி இல்லை என்று ஒப்புக்கொண்டு எல்.சி. (திரவ நிறப்பகுப்பு) பக்கம் போய்விடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்புக்கொள்வதைவிட இன்றைக்கே ஒப்புக்கொள்வது மேல்.

## பீக் வருகிறது, ஆனால் எண் ஒவ்வொரு தடவையும் வேறு

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் தலைப்புக்காரர்கள்தான். முதலில் எங்கே மாறுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல் எதையும் சரிசெய்ய முடியாது.

ஒரே இடத்தில், கையே வைக்காமல், அடுத்தடுத்து ஐந்து தடவை எடுத்தும் மாறுகிறது. ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால் துகள்கள் இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, அல்லது லேசர் சாம்பிளைச் சுடுகிறது. பவரைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி எடுங்கள். அப்போது நிலையாக இருந்தால் சூடுதான் காரணம். குறைத்தும் ஏறினால் நேரம். உப்பு விட்ட நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, எல்லா சாம்பிளுக்கும் அதே நிமிடத்தில் எடுங்கள். முதல் சாம்பிளை இரண்டாவது நிமிடத்திலும் ஆறாவது சாம்பிளை இருபதாவது நிமிடத்திலும் எடுத்துவிட்டு செறிவால் மாறியது என்று கோடு போட்டால், நீங்கள் வரைந்தது கடிகாரத்தை. ஆறு குப்பிக்கும் ஒரே நேரத்தில் உப்பு விட்டுவிட்டு வரிசையாக அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒவ்வொன்றாக விடுங்கள், ஒவ்வொன்றாக அளங்கள்.

ஒரே சொட்டில் இடத்துக்கு இடம் மாறுகிறது. காய்ந்த சொட்டா? அப்படியென்றால் மாறத்தான் செய்யும். காபி டம்ளர் வைத்த இடத்தில் ஓரமாக வட்டம் பிடிக்குமே, அதே போல வெள்ளியெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும், நடுவில் வெறுமை. இதில் நம் ஊர்க் காற்று வேறு. சித்திரையில் கண்மூடித் திறப்பதற்குள் காயும் சொட்டு, ஐப்பசி அடைமழையில் மதியச் சாப்பாடு முடித்து வந்தாலும் ஈரமாகவே இருக்கும். காயும் வேகம் மாறினால் வட்டத்தின் வடிவமும் மாறும். அதனால் கோடையில் போட்ட காலிப்ரேஷனை (தெரிந்த செறிவுகளை அளந்து வரையும் கோடு) வைத்து மழைக்காலத்தில் எண் சொல்லாதீர்கள். முடிந்தால் காயவிடாமல் திரவமாகவே அளங்கள். லேசர் ஒளியில் துகள்கள் மிதந்து போய்வருவதால் சராசரி தானாகவே கிடைக்கும். காயவைத்தே ஆக வேண்டுமென்றால் இருபது முப்பது இடங்களில் எடுத்துச் சராசரி போடுங்கள். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது, கட்டம் போட்டு மெஷினைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மனிதக் கண் பளிச்சென்று தெரியும் இடத்தைத்தான் தேடிப்போகும், நானும் போயிருக்கிறேன்.

குப்பிக்குக் குப்பி மாறுகிறது. பைப்பெட். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் பத்துத் தடவை வையுங்கள், ஒவ்வொன்றும் 0.1 கிராமை ஒட்டி வர வேண்டும். அது சரியென்றால் கலக்கும் வரிசை. கொலாய்டு, சாம்பிள், கடைசியில் உப்பு என்று தொடங்கினால் எப்போதும் அப்படியே. உப்பு முதலில் போனால் துகள் உங்கள் பொருளைச் சந்திப்பதற்கு முன்பே ஒன்றோடொன்று கட்டிக்கொண்டுவிடும்.

நாளுக்கு நாள், பேட்ச்சுக்குப் பேட்ச் மாறுகிறது. இதற்கு மருந்து இல்லை, சமாளிப்புதான். பேட்ச்சுக்கு ஒரு காலிப்ரேஷன் கோடு, அல்லது உள் ஸ்டாண்டர்டு. உள் ஸ்டாண்டர்டு என்றால் எல்லாக் குப்பியிலும் ஒரே அளவில் இன்னொரு பொருளைப் போட்டு, உங்கள் பீக்கை அதன் பீக்கால் வகுப்பது. டியூட்டீரியம் ஏற்றிய அதே மூலக்கூறு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, விலையைக் கேட்டால்தான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லோரும் 4-மெர்கேப்டோபென்சாயிக் அமிலத்தை எடுக்கிறார்கள். அதன் 1078, 1587 பீக்குகள் அழகானவைதான். ஆனால் அதன் கார்பாக்சிலேட் பீக் 1400-ஐ ஒட்டி உட்காரும், தைராமின் முக்கியமான பீக் 1380-இல், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். லேசர் அதிகமானால் அந்த அமிலம் கார்பாக்சிலை இழந்து வேறு பொருளாகவும் மாறும். 4-அமினோதையோஃபீனால் இன்னும் மோசம், ஒளி பட்டு அசோ சேர்மமாகி 1390, 1432-இல் புதுப் பீக்குகள் முளைக்கும், தைராமைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நீங்கள் குதிப்பீர்கள். எனக்குப் பிடித்தது பொட்டாசியம் தயோசயனேட். அதன் பீக் 2100 தாண்டி, பக்கத்தில் யாருமே குடியிருக்காத இடத்தில் வரும். ஆனால் துளிதான் போட வேண்டும், கூடினால் வெள்ளியின் இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டு உங்கள் பொருளை வெளியே தள்ளிவிடும்.

வாங்கிய ரெடிமேட் சிப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பாருங்கள்: பாக்கெட்டைத் திறந்து எத்தனை நாள் ஆயிற்று? வெள்ளிக் கொலுசு கறுப்பது போல அதுவும் கறுக்கும். ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது.

## காலிப்ரேஷன் கோடு வளைகிறது

மேல் முனையில் படுத்துக்கொள்கிறது. வெள்ளியின் மேற்பரப்பில் இடம் தீர்ந்துவிட்டது. பஸ் நிறைந்த பிறகு ஸ்டாப்பில் எத்தனை பேர் நின்றால் என்ன? செறிவைக் குறைத்து நேராக இருக்கும் பகுதியில் மட்டும் வேலை செய்யுங்கள், சாம்பிள் அதற்கு மேல் இருந்தால் நீர்த்து உள்ளே கொண்டுவாருங்கள்.

ஏறி, பிறகு இறங்குகிறது. உங்கள் பொருளே துகள்களைக் கட்டிப்போட்டு அடியில் இறக்குகிறது. நேர்மின் சாயங்கள் இதைச் செய்யும், தைராமும் செய்யும். இது ஆபத்தான கோளாறு, ஏனென்றால் அதிகம் இருக்கும் சாம்பிள் குறைவாக இருப்பது போலக் காட்டும். சந்தேகம் வந்தால் சாம்பிளைப் பாதியாக நீர்த்து அளங்கள். சிக்னல் கூடினால் நீங்கள் மலையின் மறுபக்கத்தில் நிற்கிறீர்கள்.

கீழ் முனையில் தட்டையாக இருக்கிறது. குப்பிச் சுவர் பொருளை உறிஞ்சியிருக்கலாம். நேர்மின் சாயங்கள் கண்ணாடியில் நன்றாக ஒட்டும். நீர்த்த ஸ்டாண்டர்டை (தெரிந்த செறிவுள்ள கரைசல்) முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அன்றன்றைக்குச் செய்யுங்கள். தைராம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்டாக்கை (அடர்த்தியான மூலக் கரைசல்) அசிட்டோனில் கரைத்துப் பிறகு நீர்க்க வேண்டும்.

"லாக் போட்டால் நேராக வருகிறது அக்கா, ஆர் ஸ்கொயர் 0.99." வரும். லாக் அச்சில் எதுவும் நேராகத்தான் தெரியும். சரிவு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலில் 10 சதவீதம் பிசகினால் செறிவில் 30 சதவீதத்துக்கு மேல் பிசகும். புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்பதைத்தான் ஆர் ஸ்கொயர் சொல்லும், இதைச் சொல்லாது. தெரிந்த செறிவுள்ள ஒரு குப்பியை நண்பரிடம் கொடுத்து எண்ணை மறைத்துத் தரச் சொல்லி அளந்து பாருங்கள், எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதுதான் உங்கள் முறையின் யோக்கியதை.

## தேடும் பொருளே போடாத பிளாங்கிலேயே பீக் வருகிறது

கையுறைக் கதை. தை மாதம், சம்பா அறுவடைக்கு முன்பே வயலில் உளுந்து தெளித்திருந்தார்கள். அந்த வடிகால் தண்ணீரில் தைராம் தேடினார் ஒரு மாணவி. எல்லாக் குப்பியிலும் 1380-இல் ஜம்மென்று பீக், டிஸ்டில்டு வாட்டரிலும் அதே பீக். இரண்டு வாரம் கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ராஜதிராவகத்தில் கழுவினோம், அப்படியும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் கையுறை. ரப்பரை இறுக்குவதற்குச் சேர்க்கும் வேதிப்பொருள்களில் தைராமும் அதன் உறவுக்கார டைதயோகார்பமேட்டுகளும் உண்டு. லேடெக்ஸ் மட்டுமில்லை, நைட்ரைலிலும் இருக்கும். விரல் பட்ட பைப்பெட் முனையிலிருந்து குப்பிக்குப் போயிருக்கிறது. சர்ஸுக்கு அந்தத் துளியே ஒரு மூட்டை.

பார்க்க வேண்டியவை: கையுறைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அந்தத் தண்ணீரை அளங்கள். டிராப்பரின் ரப்பர், குப்பியின் ரப்பர் அடைப்பான் இரண்டையும் அதே மாதிரிச் சோதியுங்கள். கூடவே ஒன்று: தைராம் வெள்ளியில் ஒட்டும்போது நடுவில் இரண்டாக உடைந்துவிடும். அதனால் சைரம் முதலிய டைமெதில் டைதயோகார்பமேட் குடும்பம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே ஸ்பெக்ட்ரத்தைத்தான் தரும். "தைராம் இவ்வளவு" என்று எழுதாதீர்கள், "டைதயோகார்பமேட், தைராமாகக் கணக்கிட்டது" என்று எழுதுங்கள்.

1350, 1580 இரண்டிலும் அகலமான இரட்டை மேடு வந்தால் அது கரி, லேசர் எதையோ எரித்திருக்கிறது. பவரைக் குறையுங்கள். 240-ஐ ஒட்டி வருவது வெள்ளி-குளோரைடு, உப்பு போட்டால் வரத்தான் செய்யும், பயம் வேண்டாம்.

பிளாங்கை ஒரு தடவை எடுத்துவிட்டு நகராதீர்கள். பத்துத் தடவை எடுங்கள், அதன் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைச் சரிவால் வகுத்தால்தான் கண்டறியும் எல்லை.

## ஸ்டாண்டர்டில் வருகிறது, வயல் தண்ணீரில் வரவில்லை

டிஸ்டில்டு வாட்டரில் போட்ட கோடு வாய்க்கால் தண்ணீருக்குச் செல்லாது, அவ்வளவுதான் விஷயம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் உப்பே கொலாய்டை உடனே கறுக்கவைத்துவிடும், நீங்கள் தனியாக உப்பு விட வேண்டிய அவசியமே இருக்காது. வயல் தண்ணீரில் மக்கிய வைக்கோலின் ஹியூமிக் சரக்கு வெள்ளியைப் போர்த்திக்கொண்டு உங்கள் பொருளுக்கு இடம் தராது. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது வண்டல் வேறு.

செய்ய வேண்டியது: முதலில் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பல நேரம் இதுவே போதும். வடிகட்டுவதாக இருந்தால், அதே ஃபில்டரில் ஒரு ஸ்டாண்டர்டையும் வடிகட்டி அளங்கள், ஃபில்டர் சவ்வே பொருளை விழுங்கியிருக்கலாம். அப்புறம் ஸ்டாண்டர்டு சேர்க்கை முறை: அதே சாம்பிளை நாலாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்ற மூன்றில் தெரிந்த அளவு பொருளைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்து, கோட்டைப் பின்னால் நீட்டி எண்ணை எடுப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் எனக்கு நம்பிக்கை இருப்பது இதில் மட்டும்தான். நேரான பகுதிக்குள் இருக்கும்போது மட்டுமே இது செல்லும் என்பதை மறக்காதீர்கள்.

மீன் சதையில் மாலகைட் பச்சை தேடுகிறவர்களுக்கு: உடம்புக்குள் போனதும் அது நிறமில்லாத லியூகோ வடிவமாக மாறிவிடும். சாயத்தின் பீக்கை மட்டும் தேடினால் "இல்லை" என்று வரும். ஆக்சிஜனேற்றம் செய்து திருப்பிச் சாயமாக்கிவிட்டு அளக்க வேண்டும்.

## பேஸ்லைன் மலை மாதிரி இருக்கிறது

ஒளிர்வு. 785-க்கு மாறுங்கள், இல்லையென்றால் சாம்பிளை நீர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு ஊசி மாதிரிப் பீக் எங்கேயோ வந்து அடுத்த தடவை காணாமல் போனால் அது காஸ்மிக் கதிர், எதுவும் செய்ய வேண்டாம், மறுபடி எடுங்கள்.

## பீக் இடம் மாறுகிறது

அனேகமாக ஏசி. இரவு ஏசியை அணைத்துவிட்டுக் காலையில் போட்டவுடன் அளந்தால் நகரும். அறை ஒரே சூட்டுக்கு வந்த பிறகு சிலிக்கானை வைத்து மறுபடி காலிப்ரேட் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தாலும் அப்படியே. சிலிக்கான் சரியாக இருந்து உங்கள் பொருளின் பீக் மட்டும் நாலைந்து செ.மீ⁻¹ நகர்ந்தால் அது கோளாறு இல்லை, வெள்ளியில் ஒட்டும் விதம் மாறியிருக்கிறது, பிஎச்சைப் பாருங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

லென்ஸைத் துடைத்து, ஃபோகஸ் பார்த்து, ஃபில்டர் பார்த்த பிறகும் சிலிக்கான் உயரம் நோட்டில் இருப்பதில் பாதிக்குக் கீழே போனால். லேசர் எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைந்தால். டிடெக்டர் குளிராகவில்லை என்று மென்பொருள் சொன்னால். இந்த மூன்றுக்கும் சர்வீஸ் இன்ஜினியர்தான். மூடியைக் கழற்றிப் பார்க்கலாமே என்று ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணைப் பறிக்கும் லேசர். போன் செய்யும்போது சிலிக்கான் நோட்டின் கடைசி மாதப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். திடீரென்று விழுந்ததா, மெல்ல மெல்லத் தேய்ந்ததா என்பதுதான் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.

இன்னொரு விதமான ஆளும் உண்டு. உங்கள் எண்ணை வைத்து ஒரு விவசாயியின் சரக்கைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், ஒரு குட்டைக்காரர் மேல் புகார் போகப்போகிறது என்றால், சர்ஸ் எண்ணோடு நிறுத்தாதீர்கள். மிச்ச சாம்பிளைக் குளிரில் வைத்து, என்.ஏ.பி.எல். (சோதனை லேபுகளுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு எல்.சி.-எம்.எஸ். (எல்.சி.யோடு மூலக்கூறின் நிறையையும் அளக்கும் சோதனை) செய்ய அனுப்புங்கள். அதற்காகவே முதல் நாளே சாம்பிளை இரண்டு குப்பியாக எடுத்து, ஒன்றைத் திறக்காமல் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். குப்பிக்கு ரப்பர் அடைப்பான் வேண்டாம்.